சேத்துல விழுந்து எழுந்தாலும் சுடணும்: ஒரு ஷாட்கன் வாங்கின கதை

டல்லாஸ்ல இருக்கற தம்பி ஒருத்தன் போன வாரம் போன் பண்ணி, "அண்ணே, இந்த சீசனுக்கு நானும் உங்க கூட வாத்து வேட்டைக்கு வரேன், செமி ஆட்டோ ஷாட்கன் ஒண்ணு வாங்கணும், எதுன்னு ஒரு பேரு மட்டும் சொல்லுங்க, போய் வாங்கிடறேன்"னான். பேரை மட்டும் சொல்லிட்டு போனை வைக்க எனக்கு மனசு வரல. அப்படி பேரை மட்டும் கேட்டுட்டுப் போய் வாங்கி ஒரு சீசன் முழுக்க அவதிப்பட்டவன் நான். அவன்கிட்ட ஒன்றரை மணி நேரம் பேசினதைத்தான் கொஞ்சம் சேத்து இங்க எழுதறேன், வேற யாருக்காவது உதவும்.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன், ஏன்னா இடம் தெரியாம துப்பாக்கியைப் பத்திப் பேசி பிரயோஜனம் இல்ல. நான் இருக்கறது ஆர்கன்சா மாநிலத்துல, லிட்டில் ராக் பக்கம். பொறந்து வளந்தது மன்னார்குடிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். இங்க வந்த புதுசுல ஒருநாள் சும்மா வண்டிய எடுத்துட்டு கிழக்க ஓட்டினேன், ஒரு மணி நேரம் போனதும் மேடு பள்ளம் எல்லாம் போய் தரை தட்டையாகி, ரெண்டு பக்கமும் வரப்பு, மடை, நெல்லு. வண்டிய ஓரமா நிறுத்திட்டு இறங்கி நின்னு பாத்துட்டே இருந்தேன். ஸ்டட்கார்ட்னு ஒரு சின்ன ஊரு அது. அமெரிக்காவுல விளையற நெல்லுல கிட்டத்தட்ட பாதி இந்த ஒரு மாநிலத்துல விளையுதுன்னு அன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

நம்ம ஊர்ல அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடி வயல்ல உளுந்து தெளிச்சு விடுவோம்ல, இங்க அறுப்பு முடிஞ்சதும் மடையை அடைச்சு தண்ணியத் தேக்கி விடுவாங்க. சிந்தின நெல்லைத் திங்க வடக்கேருந்து காட்டு வாத்து லட்சக்கணக்குல எறங்கும், அது மேஞ்சு மிதிச்சு கிளறி விடறதுல தாளும் சீக்கிரம் மக்கிடும், விவசாயிக்கும் லாபம். அதுல ஊசிவால் வாத்தும் வரும். கோடியக்கரைக்கு பனிக்காலத்துல வர்ற அதே ஜாதி வாத்து. சின்ன வயசுல அப்பா சைக்கிள் முன் பாருல உக்கார வச்சு கூட்டிட்டுப் போயி காட்டின வாத்தை இங்க பாத்தப்ப என்னமோ மாதிரி ஆயிடுச்சு. ஊர்ல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்புறம் வேட்டைங்கற பேச்சுக்கே இடமில்ல, அங்க அது தேவையான சட்டம்தான்னு நான் மனசார நம்பறேன். இங்க கதை வேற. 1934லேருந்து டக் ஸ்டாம்ப்னு ஒண்ணு இருக்கு, வாத்து வேட்டைக்குப் போறவன் ஒவ்வொருத்தனும் வருஷா வருஷம் காசு குடுத்து வாங்கணும், இப்ப 25 டாலர், அந்தக் காசுலதான் நாடு முழுக்க ஈரநிலத்தை வாங்கிப் பாதுகாக்கறாங்க. கணக்கு வச்சு, சீசன் வச்சு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனைதான்னு வச்சு நடக்கற விஷயம் இது.

நான் போறது பெரும்பாலும் பேயூ மீட்டோங்கற அரசாங்கக் காட்டுக்கு. வயல் இல்ல, காடு. ஓக் மரக் காட்டுல தண்ணி ஏறி நிக்கும், முட்டிக்கு மேல, சில எடத்துல தொடை வரைக்கும், அந்த மரத்துலேருந்து விழற ஏகார்ன் கொட்டையத் திங்க மல்லார்ட் வாத்து மரத்துக்கு நடுவுல எறங்கும். விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே படகு எறக்கி, இருட்டுல போயி, அப்புறம் எறங்கி தண்ணிக்குள்ள நடக்கணும். அடியில வேரு, கட்டை, பள்ளம், எதுவும் கண்ணுக்குத் தெரியாது. டிசம்பர் ஜனவரில தண்ணி மேல ஏடு மாதிரி ஐஸ் படிஞ்சிருக்கும், அதை உடைச்சுட்டே போகணும். விழாம வந்தவன் யாரும் இல்ல. நீ விழுந்தா உன் துப்பாக்கியும் விழும். அதனால ரஃப் யூஸ்னு நான் சொல்றப்ப கல்லுல அடிச்சா உடையுமாங்கறதைச் சொல்லல, நனையறதைச் சொல்றேன், நனைஞ்சதோட விடியற வரைக்கும் மரத்துல தொங்கறதைச் சொல்றேன், உள்ள போன சேறும் இலைத்தூளும் அங்கயே காயறதைச் சொல்றேன்.

என்னோட முதல் துப்பாக்கி பழசு, ரெண்டாவது கை. கம்பெனி பேரு வேணாம், நல்ல பேருள்ள கம்பெனிதான், அந்தப் பேருக்காகத்தான் வாங்கினேன். முதல் சீசன்ல நவம்பர் கடைசியில ஆரம்பிச்சு கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒழுங்காத்தான் ஓடுச்சு. ஜனவரி ரெண்டாவது வாரம், நல்ல குளிரு, கைவிரல் மரத்துப் போயிருக்கு, வாத்து ஒரு கூட்டம் மரத்துக்கு மேல ரெண்டு சுத்து சுத்திட்டு காலைத் தொங்க விட்டுட்டு எறங்குது. முதல் தோட்டா வெடிச்சுது. ரெண்டாவதுக்கு விரலை அழுத்தறேன், ஒண்ணும் இல்ல. பாத்தா போல்ட்டு, அதான் தோட்டாவைப் பின்னாடிலேருந்து அடைச்சு மூடற இரும்புப் பாகம், பாதி வழியில நிக்குது, பின்னாடி போயிருக்கு, முன்னாடி வர மாட்டேங்குது. கையால தள்ளினா மெதுவா, நம்ம வீட்டு மழைக்காலத்துக் கதவு மாதிரி முனகிட்டே வருது. அன்னிக்கு முழுக்க அப்படித்தான், ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையால தட்டித் தட்டி மூடினேன். அடிபட்ட ஒரு வாத்து நீந்திப் போகுது, ரெண்டாவது குண்டு போட முடியல, அரை மணி நேரம் தேடித்தான் எடுத்தேன். ஒரு உசுரை எடுக்கறோம்னு தெரிஞ்சே போறோம், அதை அரைகுறையா விடறது தப்பு. துப்பாக்கி நம்பகமா இருக்கணும்னு நான் இவ்வளவு அடிச்சுப் பேசறதுக்குக் காரணமே அந்த அரை மணி நேரம்தான்.

வீட்டுக்கு வந்து சமையலறை மேஜைல பேப்பர் விரிச்சு கழட்டினேன். பேரல்ங்கற குழல், போல்ட்டு, பிஸ்டன், எல்லாம் சுத்தமாத்தான் இருந்துச்சு, ஒவ்வொரு வாரமும் தொடைச்சு வச்சதுதானே. அப்புறம் ஒரு பழைய வீடியோவப் பாத்துட்டு பின்கட்டைய, அதான் தோள்ல வைக்கற ஸ்டாக்கை, அதோட ரப்பர் பேடைக் கழட்டி, நீளமான சாக்கெட்டை உள்ள விட்டு நட்டைத் திருகி எடுத்தேன். உள்ள ஒரு ட்யூப்பு. அதைச் சாய்ச்சதும் புளி கரைச்ச தண்ணி மாதிரி பழுப்பா கொட்டுச்சு, பேப்பர் முழுக்க. உள்ளேருந்து வந்த ஸ்பிரிங்கைத் தொட்டா விரல்ல துருப்பொடி ஒட்டுது, நடுவுல நாலஞ்சு சுத்து ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுப் போயி கிடக்கு. எனக்கு முன்னாடி வச்சிருந்தவரும் அதைத் தொறந்திருக்க மாட்டாரு, நானும் தொறக்கல. அப்படி ஒரு ஸ்பிரிங் அங்க ஒளிஞ்சிருக்குன்னே எங்கிட்ட யாரும் சொல்லல.

அன்னிக்கு ராத்திரி எனக்குப் புரிஞ்ச விஷயம் இதுதான்: ஒரு செமி ஆட்டோ எவ்வளவு காலம் ஒழைக்கும்னு கேக்கறதுக்கு முன்னாடி, தண்ணி எங்க போயி தேங்கும், அந்த எடத்தை நம்ம கையால தொறந்து தொடைக்க முடியுமான்னு கேக்கணும். கையெட்டற எடத்துல இருக்கற எந்த பாகமும் கெடறதில்ல, கெட்டாலும் தெரிஞ்சுரும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொன்னாத்தான் மிச்சம் புரியும். செமி ஆட்டோன்னா ஒரு தடவை சுட்டதும் காலி ஷெல்லை அதுவே வெளிய தள்ளி அடுத்ததை உள்ள ஏத்திக்கும், ஆனா ஒவ்வொரு குண்டுக்கும் நாமதான் ட்ரிக்கரை இழுக்கணும். அந்த வேலைக்கு சக்தி எங்கேருந்து எடுக்கறதுங்கறதுலதான் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம். கேஸ் கன்ல பேரல்ல சின்ன ஓட்டை இருக்கும், மருந்து எரிஞ்சு வர்ற கேஸ்ல கொஞ்சம் அந்த வழியா வந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் போல்ட்டைத் தள்ளும். ரெமிங்டன் 1100, 1963ல வந்தது, இந்த வகையில ரொம்பப் பேரு போனது. தோள்ல இடி கம்மியா விழும், லேசான தோட்டாவையும் தின்னும். ஆனா கேஸோட கரியும் வரும், அது பிஸ்டனைச் சுத்தி அடை மாதிரி பிடிச்சுக்கும், அதோட ஈரமும் சேந்தா சுரண்டித்தான் எடுக்கணும். 1100ல பேரல் சீல்னு ஒரு சின்ன ரப்பர் வளையம் வரும், அது அறுந்தா துப்பாக்கி ஒரு குண்டோட நின்னுரும், அதனால வெவரம் தெரிஞ்சவங்க எல்லாம் பையில ரெண்டு ஸ்பேர் வச்சிருப்பாங்க.

இன்னொண்ணு இனெர்ஷியா. இத்தாலில உர்பினோ ஊர்ல இருக்கற பெனெல்லி கம்பெனி பிரபலமாக்கினது. டவுன் பஸ்ல நிக்கறப்ப டிரைவர் திடீர்னு எடுத்தா நாம பின்னாடி சாயறோம்ல, அதேதான். சுட்டதும் துப்பாக்கி மொத்தமும் பின்னாடி வருது, போல்ட்டோட கனமான பாகம் மட்டும் இருந்த எடத்துலயே நிக்கப் பாக்குது, நடுவுல இருக்கற ஒரு குட்டையான தடிச்ச ஸ்பிரிங் அமுங்குது, அமுங்கின ஸ்பிரிங் விரியறப்ப போல்ட்டைப் பின்னாடி தூக்கி எறியுது. கேஸ் உள்ள வர்றதே இல்ல, அதனால கரி கம்மி, பாகமும் கம்மி, எடையும் கம்மி. பெனெல்லி சூப்பர் பிளாக் ஈகிள் 1991ல வந்ததுலேருந்து வாத்து வேட்டைல அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு, நியாயமான மரியாதை. குறைன்னு பாத்தா ரெண்டு. தோள்ல அறை கொஞ்சம் பலமா விழும். இன்னொண்ணு, போல்ட்டை மெதுவா கையால விட்டாலோ, துப்பாக்கி எங்கயாவது இடிச்சுக்கிட்டாலோ, போல்ட்டோட தலை முழுசா திரும்பிப் பூட்டாம ஒரு மயிரிழை திறந்து நிக்கலாம், அப்ப ட்ரிக்கரை இழுத்தா "கிளிக்"னு சத்தம் மட்டும்தான் வரும். வேட்டைக்காரங்க அதுக்கு பெனெல்லி கிளிக்னே பேரு வச்சிருக்காங்க. போல்ட்டை எப்பவும் படார்னு விட்டு மூடணும், நடந்து முடிச்சதும் ஒரு தடவை கைப்பிடியைத் தட்டிப் பாத்துக்கணும், பழகிட்டா பிரச்சினை இல்ல.

எது உசத்தின்னு கேட்டா, தண்ணிக்காட்டுக்கு ரெண்டுமே சரிதான்னு சொல்வேன், ரெண்டுலயும் அந்த ரிட்டர்ன் ஸ்பிரிங் எங்க இருக்குன்னு மட்டும் பாக்கச் சொல்வேன். போல்ட்டைத் திரும்ப முன்னாடி கொண்டு வர்ற ஸ்பிரிங் அது. சில மாடல்ல பின்கட்டைக்குள்ள ட்யூப்புல இருக்கும், என் முதல் துப்பாக்கி மாதிரி. சில மாடல்ல முன்னாடி தோட்டா அடுக்கற மேகசின் ட்யூப்பைச் சுத்திப் போட்டிருப்பாங்க, பெரெட்டா ஏ300, ஃபிரான்கி அஃபினிட்டி எல்லாம் அப்படி, முன்கைப்பிடி மூடியத் திருகினா பேரல் கையோட வரும், ஸ்பிரிங் கண்ணு முன்னாடி நிக்கும், துணியால ஒரு இழுப்பு இழுத்து ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா முடிஞ்சுது. பின்கட்டைல ஸ்பிரிங் இருக்கறது மட்டமான துப்பாக்கின்னு அர்த்தமில்ல, அருமையான துப்பாக்கி நிறைய அப்படி வருது. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவையாவது நீ அதைத் தொறந்தே ஆகணும், தொறப்பியான்னு உன்னையே கேட்டுக்கோ, அவ்வளவுதான்.

கடைக்குப் போனா நான் செய்யறது இதுதான். கடைக்காரர்கிட்ட அனுமதி கேட்டு, காலியா இருக்கான்னு அவரும் நானும் ரெண்டு பேரும் பாத்துட்டு, அங்கயே கழட்டிப் பாப்பேன். கருவி எதுவும் இல்லாம எவ்வளவு தூரம் கழட்ட முடியுது, ட்ரிக்கர் செட்டு வெளிய வர எத்தனை பின்னு, கழட்டறப்ப துள்ளி ஓடற குட்டிப் பாகம் ஏதாவது இருக்கான்னு பாப்பேன், ஏன்னா படகுல துள்ளினா அது தண்ணிக்குள்ள போச்சு. அப்புறம் தடிமனான கையுறையைப் போட்டுட்டு போல்ட்டை இழுத்துப் பாப்பேன், சேஃப்டியைத் தள்ளிப் பாப்பேன், தோட்டா ஏத்தற வாயில கட்டைவிரல் மாட்டுதான்னு பாப்பேன். பேரல் உள்பக்கம் குரோம் பூசினதா இருக்கணும். வெளிப்பக்கம் பளபளன்னு நீலம் பாயிச்சது பாக்க அழகுதான், ஆனா ஒரு ராத்திரி ஈரத்துலயே செம்புள்ளி வந்துரும், செரகோட் மாதிரி பூச்சு இருந்தா நிம்மதி. கட்டை சிந்தெடிக். வால்நட் மரத்து மேல எனக்கு ஆசை நிறைய உண்டு, இருந்தாலும் இந்தத் தண்ணிக்கு மரம் வேணாம்.

உயரம் ஒரு விஷயம், இதை யாரும் நம்மகிட்ட சொல்றதில்ல. நான் அஞ்சடி ஆறங்குலம். இங்க கடைல வர்ற கட்டை பொதுவா பதினாலு இஞ்சு சொச்சம் நீளம், அதோட குளிருக்கு மூணு அடுக்கு சட்டை, மேல ஜாக்கெட்டு, ஆக தூக்கறப்ப கட்டை அக்குள்ல மாட்டும், மாட்டினா சுடறது தப்பும். ஸ்பேசர் எடுத்து நீளம் குறைக்கற வசதி, ஷிம்ங்கற மெல்லிசுத் தகடு போட்டு சாய்வு மாத்தற வசதி உள்ள மாடலா பாக்கணும், ஜாக்கெட்டைப் போட்டுட்டுப் போயி தூக்கிப் பாக்கணும், கடைல நாலு பேரு பாத்தா பாக்கட்டும்.

தோட்டா நீளத்துல 3 இஞ்சு போதும். 3.5 இஞ்சு போடற துப்பாக்கிதான் ஆம்பளத் துப்பாக்கின்னு ஒரு நெனப்பு ஓடுது, தோளு வீங்கறதைத் தவிர அதுல பெருசா ஒண்ணும் கிடைக்கறதில்ல. 1991லேருந்து வாத்துக்கு ஈய ரவை, அதான் தோட்டாவுக்குள்ள இருக்கற குட்டி உருண்டை, நாடு முழுக்கத் தடை, கீழ விழற ஈயத்தை வாத்து கல்லுன்னு நெனச்சு முழுங்கி விஷமேறிச் செத்துட்டிருந்துச்சு, அதனாலதான். இப்ப இரும்பு ரவை. ஈயத்தோட அடர்த்தி 11.3, இரும்பு 7.8 தான், லேசானதால தூரம் போகப் போக வேகம் செத்துரும், அதனால பக்கத்துல வர வரைக்கும் பொறுமையா இருக்கறதுதான் வழி. மரக்காட்டுல வாத்து முப்பது கஜத்துக்குள்ள வந்துரும், அங்க 3 இஞ்சு தாராளம். மேகசின்ல ஒரு அடைப்புக் குச்சி சொருகியிருக்கும், மொத்தம் மூணு தோட்டாவுக்கு மேல ஏறாம, சுத்தம் பண்றப்ப அதை எடுத்துட்டு திரும்பப் போட மறந்துடாத, வேட்டைச் சட்டத்தைப் பாத்துக்கற வார்டன் வந்து எண்ணிப் பாப்பாரு.

எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது ஸ்டட்கார்ட் பக்கம் நெல்லு போடற ஒரு பெரியவர், எழுபது தாண்டினவர். நான் அவரை சார்னு கூப்பிடுவேன், அவர் என்னை மகனேம்பாரு, இந்தத் தெக்கத்தி அமெரிக்காக்காரங்க பேச்சே அப்படித்தான். அவர் கையில இருக்கறது அவங்க அப்பா வாங்கின பிரௌனிங் ஆட்டோ 5. ஜான் பிரௌனிங் 1900ல பேட்டன்ட் வாங்கின டிசைன், உலகத்துல ஒழுங்கா ஓடின முதல் செமி ஆட்டோ ஷாட்கன், 1990கள் கடைசி வரைக்கும் செஞ்சுட்டிருந்தாங்க. அதுல சுட்டதும் பேரலே போல்ட்டோட சேந்து பின்னாடி வரும். கட்டை மேல வார்னிஷ் எல்லாம் போயி, கை படற எடம் மட்டும் நம்ம ஊரு ஏர் மேழி மாதிரி வழுவழுன்னு மின்னும். பெல்ஜியத்துல செஞ்ச அந்தப் பழைய பேரல்ல இரும்பு ரவை போடக் கூடாது, பேரல் கெட்டுரும், அதனால விலை கூடின, பிஸ்மத்ங்கற உலோக ரவை போட்ட தோட்டாதான் போடுவாரு, அளவா, ஒண்ணுக்கு ஒண்ணு. "எப்படி சார் இத்தனை வருஷம் நின்னுச்சு"ன்னு கேட்டதுக்கு, "எங்கப்பா வேட்டை முடிஞ்சு வந்தா பூட்ஸைக் கழட்டறதுக்கு முன்னாடி இதைக் கழட்டுவாரு மகனே"ன்னாரு.

அதை நான் அப்படியே பிடிச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல்ல துப்பாக்கி. கழட்டித் தொடைச்சு, கட்டையத் தலைகீழா நிமித்தி வச்சு தண்ணி வடிய விட்டு, அப்புறம் லேசா எண்ணெய். எண்ணெயைக் கொட்டக் கூடாது, இது ரொம்பப் பேரு செய்யற தப்பு, குளிர்ல தடிச்ச எண்ணெய் பசையாகி போல்ட்டை இழுத்துப் பிடிக்கும், தூசியும் ஒட்டும். ஈரத்தோட உறைக்குள்ள போட்டு மூடி வண்டியில விட்டுட்டு தூங்கப் போனா எவ்வளவு விலை குடுத்து வாங்கினதும் துருப்பிடிக்கும். காட்டுல விழுந்து எழுந்தா, தோட்டாவை எல்லாம் எடுத்துட்டு பேரலுக்குள்ள வெளிச்சம் தெரியுதான்னு பாக்காம ஒருக்காலும் சுடக் கூடாது. உள்ள ஒரு உருண்டை சேறு அடைச்சிருந்தா பேரல் வெடிச்சுரும். நான் பையில நூல் கயிறு ஒண்ணு துணி கட்டி வச்சிருக்கேன், ஒரு இழுப்புல சுத்தமாயிடும்.

தம்பிக்கு கடைசில சொன்னது: 12 கேஜ் (குழலோட வாய் அளவு), 3 இஞ்சு தோட்டா, 28 இஞ்சு பேரல், சிந்தெடிக் கட்டை, பெரெட்டா ஏ300 அல்டிமா, டென்னசில கல்லட்டின் ஊர்ல செய்யறாங்க, விலை ஆயிரம் டாலரை ஒட்டி வரும், நானும் அதைத்தான் வச்சிருக்கேன். எடை கம்மியா வேணும், தோள் தாங்கும்னா ஃபிரான்கி அஃபினிட்டி. ரெண்டாயிரம் டாலர் குடுத்து பெனெல்லி வாங்கினாலும் வருத்தப்பட மாட்ட, பின்கட்டையத் தொறக்கக் கத்துக்கோ. இவ்வளவும் வேணாம், தலைவலியே வேணாம்னா ரெமிங்டன் 870 பம்ப், கையால முன்கைப்பிடியை இழுத்து தோட்டா ஏத்தற வகை, 1950லேருந்து ஓடிட்டிருக்கு, ஆனா நீ கேட்டது செமி ஆட்டோ.

பேப்பர் வேலையும் சொன்னேன். விசால இருக்கறவங்க துப்பாக்கி வச்சுக்க ஃபெடரல் சட்டத்துல பொதுவா தடை இருக்கு, ஹண்டிங் லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு, இருந்தாலும் நான் கிரீன் கார்டு வர்ற வரைக்கும் பொறுத்திருந்தேன், அவனுக்கு அது வந்தாச்சு. இங்க 1969லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க ஹண்டர் எஜுகேஷன்ங்கற வேட்டைப் பயிற்சி வகுப்பு முடிச்சிருக்கணும், அதை முதல்ல முடி, அப்புறம் கடைக்குப் போன்னேன். வீட்டுல ரெண்டு சின்னப் பசங்க, இரும்புப் பெட்டி வாங்காம துப்பாக்கியை உள்ள எடுத்துட்டு வரவே வராதன்னும் சொன்னேன்.

நேத்து சாயங்காலம் வீடியோ கால்ல வந்தான், கடைலேருந்து. கடைக்காரர் பக்கத்துல நிக்கறாரு, கண்ணாடி மேஜை மேல துப்பாக்கி பாகம் பாகமா கிடக்கு, இவன் நான் சொன்ன மாதிரியே அந்த வேகாத வெயில்ல தடி ஜாக்கெட்டும் கையுறையும் போட்டுட்டு வேர்த்து ஊத்திட்டு நிக்கறான். ஸ்பிரிங்கை கேமரா கிட்ட கொண்டு வந்து, "அண்ணே, இதுதானே, இதுதானே"ன்னு கேட்டான். ஆமாடா, அதுதான்னேன். இப்ப அதைத் திரும்ப மாட்டிக் காட்டு, கடைக்காரரைக் கேக்காமன்னேன். மூணாவது தடவைல மாட்டிட்டான்.